கல்லூரிக்குப் பக்கத்தில் ஓர் அறை

சுரங்க ரயிலிலிருந்து மேலே வந்ததும் அம்மா செய்த முதல் வேலை, நடைபாதையில் கிடந்த ஓர் இலையைக் குனிந்து எடுத்ததுதான்.

நடுநரம்பை ஒட்டிப் பச்சை, ஓரமெல்லாம் மஞ்சள். இலையுதிர்காலம் தொடங்கி ஒரு வாரம்கூட ஆகவில்லை. தெருவில் பாதி மரங்களுக்கு இன்னும் சேதி எட்டவில்லை போலிருந்தது.

"ஓரத்துலேர்ந்துதான் மஞ்சளாகுது பாத்தியா? ஏன் நடுவுலேர்ந்து ஆரம்பிக்கல?"

மகள் கைபேசியில் அடுத்த வாடகை அறையின் முகவரியைத் தேடிக்கொண்டிருந்தாள். காலையிலிருந்து ஐந்து வீடுகள் ஏறி இறங்கியாயிற்று. ஐந்திலும் வாசலிலேயே நிறுத்தி, சிரித்த முகமாக, இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். திங்கட்கிழமை கல்லூரி திறக்கிறது.

அம்மாவுக்கும் கால் வலித்தது. ஆனால் பெரிய நகரத்துக்கு அவள் வருவது இதுதான் முதல் தடவை. சாலையைக் கடக்கும் இடத்தில் பொத்தானை அழுத்தினால் நிஜமாகவே பச்சை விளக்கு சீக்கிரம் வருகிறதா என்று மூன்று சந்திப்புகளில் சோதித்தாள். அழுத்திப் பார்த்தாள், அழுத்தாமலும் பார்த்தாள், மனதுக்குள் எண்ணினாள்.

வித்தியாசம் ஒன்றுமில்லை. ஊரே வந்து வந்து அழுத்திக்கொண்டிருந்தது.

ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் இயந்திரங்களோடு இருபத்திரண்டு வருடம் காலம் தள்ளியவள். எந்தப் பொத்தானுக்கு என்ன வேலை என்று தெரியாவிட்டால் அவளுக்குத் தலை வெடித்துவிடும்.

ஆறாவது வீட்டின் படியில் மகள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"இங்க நீ வாயே திறக்காத. நான் பேசிக்கறேன்."

வீட்டுக்காரம்மா மகளைத் தலை முதல் கால் வரை பார்த்தார். பிடித்துப்போயிற்று. மூன்றாவது மாடிக்கு அவரே கூட்டிப்போனார். படி ஏறும்போதே சட்டதிட்டங்கள் ஆரம்பமாகிவிட்டன. ஒன்பது மணிக்குக் கதவைப் பூட்டிவிடுவார். ஈரத் துணியை ஹீட்டர் மேல் போடக் கூடாது. பாட்டுச் சத்தம் சுவரைத் தாண்டக் கூடாது. பையன்கள் யாரும் தேடி வந்தால் கூடத்தோடு சரி.

மகள் ஒவ்வொன்றுக்கும் "சரிங்க" என்றாள். கடைசிக்கு மட்டும் கொஞ்சம் இருமினாள்.

ஒரு கட்டில், ஒரு மேசை, ஆள் உயர ஜன்னல். அம்மா நேரே மேசையிடம் போனாள். ஒரு கால் ஆடியது. நாற்காலியில் உட்கார்ந்தாள். விளக்கைப் போட்டாள், அணைத்தாள். இழுப்பறைக்குள் யாரோ விட்டுப்போன பென்சில் சீவல்கள். ஜன்னலுக்கு வெளியே, கைக்கு எட்டுகிற மாதிரி, கல்லூரியின் செங்கல் கட்டடம்.

வாயைத் திறக்கக் கூடாது என்பது மறந்துபோயிற்று.

"காலைல வெயில் இந்தப் பக்கமா வருமாங்க?"

"பதினொண்ணு வரைக்கும் அடிக்கும். கவலைப்படாதீங்க. எத்தனையோ அம்மாங்க இதே நாற்காலில உக்காந்து அழுதிருக்காங்க."

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. இழுப்பறையை இன்னொரு தடவை திறந்து மூடினாள்.

வீட்டுக்காரம்மா ஒரு படிவத்தை மேசையில் விரித்தார். அடியில் இரண்டு கோடுகள். மேல் கோடு மாணவிக்கு, கீழ்க்கோடு பொறுப்பாளருக்கு. பேனாவை மகளிடம் நீட்டினார்.

மகள் அதை வாங்கி அம்மாவிடம் கொடுத்தாள்.

அம்மா மேல் கோட்டில் தன் பெயரை நிதானமாக எழுதினாள். கைப்பையிலிருந்து சேர்க்கைக் கடிதத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தாள். அதிலும் அதே பெயர். தாவரவியல், முதலாம் ஆண்டு.

இந்தக் கடிதத்தைப் பார்த்த பிறகுதான் மற்ற வீடுகளில் அந்தச் சிரிப்பு வந்தது.

வீட்டுக்காரம்மா கடிதத்தை இரண்டு தடவை படித்தார். அம்மாவைப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார். மறுபடி அம்மாவைப் பார்த்தார். சிரிக்கவில்லை.

பேனாவை எடுத்து மகளிடம் நீட்டினார்.

"அப்ப கீழ நீ போடும்மா. ஏதாவதுன்னா உன்னைத்தான் கூப்பிடுவேன்."