முடிச்சுக்குள் ஏழு காய்

"விடுங்க, கைக்குட்டைய அவுக்காதீங்க..."

"யாரு குடுத்த காயி இது? அத மொதல்ல..."

"நாந்தான் வாங்குனேன்னு சொல்றேன்ல!"

"வாங்குனாளாம்ல! ஏலக்காய் ஸ்டோர்க்காரன் பொண்டாட்டி, கடையில காசு குடுத்து ஏலக்காய் வாங்குனாளாம். நம்ம போடி பஸ் ஸ்டாண்டுல நின்னு சொல்லிப் பாரு, பஸ்சு கூட நின்னு சிரிக்கும்."

வெள்ளைத்துரை முடிச்சைப் பிரித்து உள்ளங்கையில் கொட்டினான். ஏழு காய். ஒவ்வொன்றும் எட்டு மில்லிமீட்டர் பருமன், கிளிப்பச்சை. மூக்கருகே கொண்டுபோனதும் அவன் முகம் கறுத்தது.

"நம்ம ஸ்டோர் காயில லேசா விறகுப் புகை அடிக்கும். இதுல அது இல்ல. வேற எடத்துக் காயி. எவனோ பாத்துப் பாத்துப் பொறுக்கிக் குடுத்திருக்கான். யாருடி அவன்?"

முன்பென்றால் இந்நேரம் அவள் வீசிய தட்டு பறந்திருக்கும். சுஜிதா அவன் கையிலிருந்து காய்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். முடிச்சுப் போட்டு, மூக்கில் வைத்து, கண்ணை மூடிக்கொண்டாள். பத்து மூச்சு. முகத்தில் மெல்ல ஒரு சிரிப்பு வந்தது.

அந்தச் சிரிப்பைத்தான் அவனால் பொறுக்க முடியவில்லை.

குரங்கணிக்கு மேலே ஒரு தோட்டத்தில், காய் உலர்த்தும் ஸ்டோர் அவன் பொறுப்பு. மலையேறினால் இறங்க நாலு நாளாகும். போன வருசம் வரை அவன் ஜீப்பில் ஏறினாலே அவளுக்கு உலகம் முடிந்துவிடும். 'போனா செத்துருவேன்' என்று சட்டையைப் பிடிப்பாள். மறு நிமிடமே, 'நீயெல்லாம் ஒரு மனுசனா' என்பாள். நாளைக்கு நாற்பது போன். எடுக்காவிட்டால் மணிக்கட்டில் பிளேடு.

"இவள எப்படியாச்சும் மாத்தி விட்ருங்க" என்று டாக்டர் கார்த்திகாவின் முன் கைகூப்பி அழுதவன் அவன்தான். ஆளுமைக் கோளாறு என்றார் டாக்டர். வாராவாரம் பேச்சு சிகிச்சை, கூடவே அரைமணி நேரம் ஹிப்னாடிசம்.

எட்டு மாதமாகிறது. இப்போது ஜீப்பு கிளம்பினால், "பாத்துப் போயிட்டு வாங்க" என்கிறாள். நாற்பது போன் பத்தாகி, பத்து ஒன்றாகி, போன வாரம் அதுவும் இல்லை. மலையில் டவர் கிடைப்பது ஒரே ஒரு பாறையில். போன வாரம் அவன் அந்தப் பாறையில் ஏறி ஏறி நின்றதில், ஸ்டோரில் ஒரு லோடு காய் கருகிப்போனது.

"இன்னைக்கு வியாழக்கிழமைதான. வாங்க, டாக்டர்ட்டயே கேளுங்க" என்றாள் சுஜிதா.

கேட்டான். டாக்டரின் அறையில் உட்காரக்கூட இல்லை.

"கண்ண மூட வச்சு இவள யாருகிட்ட அனுப்புறீங்க டாக்டரம்மா?"

"யாருகிட்டயும் அனுப்பலண்ணே. அது மயக்கமும் இல்ல. பதட்டம் வர்றப்ப ஒதுங்கி நிக்க அவங்களே மனசுல ஒரு எடம் வச்சிருக்காங்க. அங்க போறதுக்கு ஒரு வாசம் துணை, அவ்வளவுதான்." டாக்டர் சுஜிதாவைப் பார்த்தார். "மிச்சத்த நான் சொல்லலாமா?"

"நானே சொல்றேன் டாக்டர்." அவள் அவன் பக்கம் திரும்பினாள். "மொதல்ல நீங்க கொண்டாந்த ஏலக்காயத்தான் மோந்து பாத்தேன். பதட்டம் கூடத்தான் செஞ்சுச்சு. அது நீங்க ஜீப்புல ஏறுறப்ப சட்டையில அடிக்கிற வாசம். என்னைய விட்டுட்டுப் போற வாசம்."

அவன் தன் சட்டைக் கையை மூக்கருகே கொண்டுபோனான்.

"அதான் கடைக்குப் போயி ஒன்னொன்னா மோந்து நானே பொறுக்குனேன். 'ஏத்தா, ஏழு காய்க்கா இந்த ஆராய்ச்சி'ன்னு கடைக்காரரு வஞ்சாரு."

"சரி... அந்த எடத்துல யாரு இருக்கா?"

"ஒரு சரிவு. நெழலு. ஓடைத் தண்ணிச் சத்தம்."

"ஆளக் கேட்டேன்."

"நான் மட்டுந்தான்."

"நான்?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். பொய் சொல்ல வரவில்லை. "இல்லைங்க."

"ஒத்தையில பயமா இல்லையாடி?"

"இல்ல. அதான் எனக்கே ஆச்சரியமா இருக்கு."

டாக்டர் சிரித்தார். "கேட்டுக்கிட்டீங்களா? எவனும் இல்லண்ணே. நிம்மதியா மலைக்குப் போங்க."

வெளியே ஹாரன் அடித்தது. "மொக்கையண்ணன் ஜீப்பு வந்துருச்சு. வெரசா கெளம்புங்க, சோலி கெடக்கும்ல" என்று சுஜிதா எழுந்தாள். அவன் சட்டைக் காலரை மடித்துச் சரிசெய்தாள். "நான் பஸ்சுல போயிக்கிறேன்."

கைக்குட்டையை இடுப்பில் செருகிக்கொண்டு படியிறங்கினாள். திரும்பிப் பார்ப்பாள் என்று அவன் வாசலில் நின்றான். அவள் தெருமுனையில் பூக்காரியிடம் ஏதோ பேசிச் சிரித்துவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் திரும்பிப் போய்விட்டாள்.

ஹாரன் மறுபடி அடித்தது. வெள்ளைத்துரை உள்ளே வந்து கதவைச் சாத்தினான். எட்டு மாதத்துக்கு முன் உட்கார்ந்த அதே நாற்காலியில் உட்கார்ந்து, அன்று போலவே கைகூப்பினான்.

"பாதியாச்சும் பழையபடி ஆக்கி விட்ருங்க, டாக்டரம்மா."