அட்டையின் பின்பக்கம்

முடிவுக் கோட்டருகே தடுப்புக் கயிற்றைப் பிடித்தபடி தையல்காரி நிற்கிறாள். உலகமெங்கும் காசநோய் மருந்து அனுப்பும் நிதி திரட்டும் ஓட்டத்தில் ஓடப்போன கணவன், அந்த மருந்தால் பிழைத்தவன், இன்னும் வந்தபாடில்லை. காலையில் அவன் பனியனில் நம்பர் அட்டையை ஊக்கால் குத்திவிட்டவள் அவள்தான். அவசரத்துக்கென்று பின்பக்கம் எழுத, "உன் போன் நம்பர் என்னடி?" என்று கேட்டான். "இத்தனை வருஷமாகியும் மனப்பாடம் ஆகலையா?" என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். மிஞ்சிய ஊக்கை இப்போது திறந்து திறந்து மூடுகிறாள். வெயில் ஏறுகிறது. கைதட்டலுக்கு நடுவே வியர்த்த முகங்கள் வந்துகொண்டேயிருக்கின்றன. எதுவும் அவன் முகமில்லை. கையிலிருக்கும் போன் அதிர்கிறது. தெரியாத நம்பர். "எடும்மா" என்று பக்கத்தில் நிற்கும் மகள் தோளை உலுக்குகிறாள். விரல் அசைய மாட்டேனென்கிறது. யாரோ அவன் நெஞ்சருகே குனிந்து அந்த அட்டையைத் திருப்பியிருக்கிறார்கள்.