ஹ்யூகோவின் அப்பா வரும்வரை

ஹ்யூகோவின் அப்பா இன்னும் வரவில்லை.

பனிச்சறுக்குப் பள்ளியின் மரவேலிக்குள் இரண்டே பிள்ளைகள் மிச்சம். கவிழ்த்துப் போட்ட வாளியின் மேல் உட்கார்ந்து ஹ்யூகோ மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பக்கத்தில், ஹெல்மெட்டைக் கழற்றாமல், மார்னி.

கெரின் வேலியில் சாய்ந்து நின்றாள். சொல்லிக்கொடுக்கிறவர்கள் உட்காரக் கூடாது என்று சட்டம் ஒன்றும் இல்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது, அவ்வளவுதான்.

பெரும் பனி விழுந்து இது மூன்றாம் நாள்.

முதல் நாள் பனி மாவு போலக் கிடந்தது. அதை அனுபவித்தவர்கள் உள்ளூர்க்காரர்கள். இரண்டாம் நாள் உழுத வயலாயிற்று. மூன்றாம் நாள்தான் சிட்னிக்காரர்கள் பிள்ளைகுட்டிகளோடு காரைக் கிளப்பிக்கொண்டு வருவார்கள். வெயிலில் இளகி, ராத்திரிக் குளிரில் இறுகி, கண்ணாடியாகக் கிடக்கும் சரிவில் விழுந்து எழுந்துவிட்டு, “இதுக்கா விடிய விடிய ஓட்டிட்டு வந்தோம்?” என்று சண்டைக்கு நிற்பார்கள். என்னவோ கெரின் தன் வீட்டுக் குளிர்பெட்டியில் செய்து கொண்டுவந்து கொட்டிய மாதிரி.

போதாக்குறைக்குப் பனிக்காய்ச்சல் வேறு.

காலையில் மேலாளர் டூகல் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். “மூணு பேரு லீவு சொல்லிட்டாங்க, கெரின். காய்ச்சலாம்.”

“அந்தக் காய்ச்சல் இந்நேரம் மலைக்குப் பின்பக்கம் நல்ல பனியா தேடிச் சறுக்கிட்டு இருக்கும். என் தலையில எத்தனை பேரைக் கட்டப்போற, அதைச் சொல்லு.”

இரண்டு வகுப்புப் பிள்ளைகளைக் கட்டினான்.

தவளைகளைத் தராசில் நிறுத்துகிற வேலை. ஒருவனுக்கு ஸ்கீ பலகையை மாட்டி நிமிர்வதற்குள் இன்னொருத்திக்கு ஒண்ணுக்கு வந்துவிடும். அவளுக்கு அத்தனை உடுப்பையும் உரித்து, மறுபடி மாட்டிக் கூட்டிவந்தால், முதலில் மாட்டியவன் ஸ்கீயைக் கழற்றிவிட்டுப் பனியைத் தின்றுகொண்டிருப்பான்.

மதியம் ஏழெட்டுப் பேர் சேர்ந்தாற்போல் அழுதார்கள். “யாருக்கெல்லாம் கால் வலிக்குது?” என்றாள் கெரின். வரிசையாகக் கைகள் எழுந்தன. ஒவ்வொருவர் முன்னாலும் மண்டியிட்டு பூட்ஸைக் கழற்றினாள். எல்லாருக்கும் ஒரே கோளாறு: காலுறை உள்ளே சுருண்டு மடிந்து, குதிகாலை அறுத்துக்கொண்டிருந்தது.

“மாட்டிவிடும்போது ஒரு தடவை தடவிப் பார்க்கக்கூடவா நேரமில்ல இதுங்களைப் பெத்தவங்களுக்கு?” என்று முணுமுணுத்தாள்.

மார்னி கை தூக்கவில்லை. அவளாவது தொந்தரவு தராமல் இருக்கிறாளே என்று கெரினுக்கு நிம்மதியாக இருந்தது.

மற்றவர்கள் ஒருநாள் பிள்ளைகள், இரண்டுநாள் பிள்ளைகள். விடுமுறை முழுக்க வருபவள் மார்னி ஒருத்திதான். அதனால் கெரின் அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தாள். எல்லாரையும் அனுப்பிவிட்டு, கம்பியில் நாற்காலிகள் தொங்கும் பெரிய லிஃப்டில் ஏறி, மலை உச்சியிலிருந்து ஒரே ஒரு தடவை கெரினோடு சறுக்கி வரலாம். நேற்றும் அப்படித்தான் பேச்சு. நேற்றும் கடைசிப் பிள்ளையின் ஆட்கள் வருவதற்குள் லிஃப்ட் நின்றுவிட்டது. இன்று கெரின் சத்தியமே செய்திருந்தாள்.

“கெரின், லிஃப்ட் இன்னும் ஓடுதா?”

“ஓடுது, மார்னி.”

கூட்டம் கலைந்துவிட்டது. நாற்காலிகள் காலியாகவே மேலே போய்க்கொண்டிருந்தன. ஹ்யூகோவை வேறு யாரிடமாவது ஒப்படைத்துவிட்டு ஓடலாமென்றால், அந்த வேறு யாருக்கும்தான் காய்ச்சலாயிற்றே. அவன் அப்பாவோ போனை எடுக்கிற வழியாக இல்லை. கெரினுக்கு அழுகை வரும்போல இருந்தது. அழுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும்.

“இப்ப?”

“ஓடுது.”

மார்னி ஒரு காலிலிருந்து இன்னொரு காலுக்கு மாறி நின்றாள்.

கடைசியில் அவர் வந்தார். தாடியெல்லாம் பனி, முகமெல்லாம் சிரிப்பு.

“சாரிங்க, சாரி. பின்பக்கம் மர நிழல்ல புதுப்பனி கொஞ்சம் மிச்சம் இருந்துச்சு. இன்னும் ஒரே ஒரு தடவைன்னு போனேன். விட்டுட்டு வர மனசே வரல.”

“பரவாயில்லைங்க.”

“உங்களுக்கென்ன, எந்நேரமும் பனியிலேயே இருக்கீங்க. குடுத்து வச்சவங்க.” மகனைத் தோளில் தூக்கிக்கொண்டவர், அப்போதுதான் மார்னியைப் பார்த்தார். “அட, இந்தப் பாப்பாவுக்கு இன்னும் ஆள் வரலியா? இவளைப் பெத்தவங்க என்னைவிட மோசம் போலிருக்கே!”

“ஆமாங்க,” என்றாள் கெரின். “மோசம்தான்.”

அவர் சிரித்துக்கொண்டே போனார். அப்பாவைக் கண்டதும் வெடித்த ஹ்யூகோவின் அழுகை கார் நிறுத்தும் இடம்வரை கேட்டது.

பிறகு பெரிய லிஃப்ட் நின்றது. ஓடும்போது அதன் இரைச்சல் யார் காதிலும் விழாது. நிற்கும்போதுதான் தெரியும்.

மார்னியும் மேலே நிமிர்ந்து பார்த்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி வாளியின் மேல் வைத்தாள். வேலியைச் சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“எல்லாரும் போயாச்சா, கெரின்?”

“போயாச்சு.”

“அப்ப இனிமே கூப்பிடலாமா?”

கெரின் தலையாட்டினாள்.

“அம்மா,” என்றாள் மார்னி. “காலையிலேருந்து கால் வலிக்குதும்மா.”