மூன்று நாள் ஓட்டிப் பார்த்தவர்

"கண்ணாடியில உங்க நம்பர் ஒட்டியிருந்துச்சு, அதான் கூப்பிட்டேன் சார். உங்க குட்டிக் கார் என் கைக்கு வந்து மூணு நாள் ஆச்சு."

மனைவியும் கேட்கட்டும் என்று போனை ஸ்பீக்கரில் போட்டேன். "சொல்லுங்க."

"ஓட்டுறதுக்கு அப்படி ஒரு ஜாலி சார்! வளைவுல ரோட்டைப் பல்லி மாதிரி பிடிச்சுக்குது. கியர் சொன்ன பேச்சு கேட்குது."

நான் வாய் திறப்பதற்குள் குரல் மாறியது.

"ஆனா உள்ளே? சீ! சீட்டுக்கு அடியில பூஞ்சை பிடிச்ச ரொட்டி. டிக்கியில நாறிப்போன சாக்ஸ். கப் வைக்கிற இடத்துல நகம் வெட்டிப் போட்டிருக்கீங்க! மனுஷன் ஏறுற வண்டியா இது? வாந்தியே எடுத்துட்டேன் சார்."

மனைவி என்னை முறைத்தாள். ஆறு வருடமாக அவள் பாடுகிற அதே பாட்டு.

"மன்னிச்சுக்குங்க," என்றேன். "வண்டி இப்ப எங்க?"

"கழுவித் துடைச்சு, எடுத்த இடத்துலயே நிறுத்திட்டேன். நான் திருடன்தான் சார். ஆனா எனக்குன்னு ஒரு சுத்தம் இருக்கு."

மனைவி பாய்ந்து வந்து போனைப் பிடுங்கினாள்.

"அண்ணே, வச்சிடாதீங்க! ஒரு நாள் வீட்டுக்கும் வந்துட்டுப் போங்கண்ணே!"