தறிக்குப் பொருந்தாத கேம்

மாமா சட்டையை ஊறப்போடுறதுக்கு முன்னாடி, அதுல ஒட்டியிருந்த இரும்புச் சுருளை ஒவ்வொண்ணாப் பிடுங்கிக்கிட்டிருந்தேன். லேத்துப் பட்டறை வச்சிருக்கிற வீட்டுல இந்த வேலையை விட்டா, துவைக்கிற கையிலயும் குத்தும், தூக்குற பிள்ளை மேலயும் குத்தும்.

“சட்டையைத் தூக்கி ஒளிச்சு வையி! மாப்பிள்ளையோட அம்மா சொன்ன நேரத்துக்கு முந்தியே வந்து இறங்கிட்டாக!”ன்னு என் மாமியார் தங்கமாரி அத்தை ஓடி வந்தாக.

சட்டையை ஒளிக்கலாம். காரை என்ன செய்யிறது?

பட்டறைக்குப் பின்னாடி நிக்கிற பழைய மாருதி, என் நாத்தனா மாரீஸ்வரியோடது. கோயம்புத்தூர்ப் பக்கம் மண் தடத்துல நடக்கிற ரேஸுல அதைத்தான் ஓட்டும். அதுக்கு பிஸ்டனெல்லாம் என் மாமனார் வீரபாண்டி மாமா தன் கையால கடைஞ்சு போட்டது. வர்ற ஞாயித்துக்கிழமை ரேஸுக்குப் புதுசா ஒரு கேம் ஷாஃப்ட், புடைப்பு புடைப்பா இருக்கிற என்ஜின் கம்பி.

தறிச் சாமான் கடைஞ்சு பழகின கை அது.

“தறியில மிதிக்கட்டையை அமுக்குறதும் கேம்தான், என்ஜின்ல வால்வைத் திறக்கிறதும் கேம்தான். முடியளவு கூடினாலும் வால்வு போயி பிஸ்டன்ல இடிச்சிரும் தாயி”ன்னு சொல்லிக்கிட்டே, தகரத்துல வெட்டின அச்சை வச்சு வச்சுப் பாத்து அரத்தால ராவுவாக. சோத்துக்குக் கூப்பிட்டாலும் காதுல விழாது.

“மகளுக்கு நகை செய்ய வேண்டிய வயசுல கேம் செய்யிறாரு மனுசன்”னு அத்தை தலையில அடிச்சுக்குவாக.

இந்தச் சம்பந்தம் அத்தை கும்பிட்டுக் கிடந்து வந்தது. “ரேஸு கீஸுன்னு ஒரு வார்த்தை வரக் கூடாது. கல்யாணத்தோட அது முடிஞ்சது”ன்னு முந்தின நாளே சொல்லிட்டாக. காரு மேல தார்ப்பாயை மூடி, அதுக்கு மேல அடுப்பெரிக்க வச்சிருந்த பருத்திமாரை அடுக்கியாச்சு.

மாப்பிள்ளையோட அம்மா காளீஸ்வரி உள்ள வந்தாக. அருப்புக்கோட்டையில தறிச் செட்டு வச்சிருக்கவுக. சிரிக்காத முகம். நான் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுக் கதவு மறைவுல நின்னுக்கிட்டேன்.

“பொண்ணு என்ன செய்யுது?”

“வீட்டுலதான் மதினி. வாசப்படி தாண்டாது”ன்னாக அத்தை.

“கோயம்புத்தூரு அங்க இங்கன்னு போனதில்லையா?”

“ஐயோ, பஸ்ஸுல ஏறினாலே வாந்தி எடுக்கும்!”

மாரீசுக்குச் சிரிப்பு வந்துருச்சு. முந்தானையைக் கடிச்சுக்கிட்டுக் குனிஞ்சவ, நிமிந்தப்ப கண்ணுல தண்ணி நின்னுச்சு.

“அப்பிடியா”ன்னு சொல்லிட்டு அந்தம்மா எந்திரிச்சு நேராப் பட்டறைக்குள்ள போயிட்டாக. நாங்க பின்னாடியே ஓடினோம். மேசை மேல எண்ணெய்த் துணியில சுத்தியிருந்த கேமை எடுத்துட்டாக.

“இது என்னண்ணே?”

மாமா வாயைத் திறக்கிறதுக்குள்ள அத்தை முந்திட்டாக. “தறிச் சாமான் மதினி. தறிக்குப் போடுற கேம்.”

தறிக்காரவுககிட்டயே!

அந்தம்மா அதை உருட்டி உருட்டிப் பாத்தாக. “தறிக் கேம் கையகலம் இருக்கும். இது எலந்தப்பழம் கணக்கா வரிசையா இருக்கு. இதைப் போட்டா என் தறி மதுரைக்கே ஓடிரும். எந்தத் தறிக்குண்ணே?”

மாமா அத்தையைப் பாத்தாக. அத்தை கண்ணாலயே கெஞ்சுனாக. மாமா மாரீசைப் பாத்தாக.

“தறிக்கு இல்லம்மா. என் மக காருக்கு. ரேஸு ஓட்டுறா. அந்தா, பருத்திமாருக்கு அடியில நிக்குது. ஓட்டாதன்னு என் வாயால அவகிட்டச் சொல்ல மாட்டேன். உங்களுக்குச் சரிப்படலைன்னா இதோட விட்டுருங்க.”

அத்தை அப்பிடியே தரையில உக்காந்துட்டாக.

அந்தம்மா கேமைப் பழையபடி துணியில சுத்தி வச்சாக. கையில எண்ணெய் பட்டதைக்கூடத் துடைக்காம விறுவிறுன்னு வாசலைப் பாத்து நடந்தாக.

“போச்சு! ஒரு கம்பிக்காக மக வாழ்க்கையையே கெடுத்துட்டீகளே!”ன்னு அத்தை மாமாவைப் பிடிச்சுக்கிட்டாக.

“கம்பி இல்ல, அவ ஆசைப்பட்டுக் கேட்டது”ன்னாக மாமா.

எனக்கு அந்தம்மா மேல கோபமான கோபம். எங்க மாரீசு காருதானே ஓட்டுச்சு, கொலையா செஞ்சுச்சுன்னு கேக்கணும்னு இருந்துச்சு. வாய் வந்தாத்தானே.

வாசல்ல நின்னு அந்தம்மா மகனுக்குப் போன் போட்டாக. ஊருக்கே கேக்கிற சத்தம்.

“ஏலே மதனு! ரேஸு பாக்கப் போன எடத்துல ஒரு பிள்ளை காரு ஓட்டுறதைப் பாத்தேன், கட்டினா அதைத்தான்னு சொன்னியே... அதே பிள்ளைதான்லே. பொண்ணோட ஆத்தாக்காரி சொன்னதைக் கேட்டு, வீடு மாறி வந்துட்டேனோன்னு எனக்குப் பாதி உசுரு போயிருச்சு. நல்லவேளை, அப்பன் உண்மையைச் சொன்னாரு. நீ ஒண்ணு செய்யி. ஓடாமக் கிடக்கிற தெக்குத் தறியைப் பிரிச்சு ஒதுக்கு. மருமக காரு நிக்க எடம் வேணும்ல?”

மாமா துண்டால மூஞ்சியைத் துடைச்சுக்கிட்டே இருந்தாக. அழுதுக்கிட்டிருந்த அத்தை வாயைத் திறந்தவுக மூடல. அந்தம்மாகிட்ட ஒரு வார்த்தையாவது பேசிரணும்னு, நான் கதவு மறைவுல இருந்து வெளிய வந்து, கிட்டப் போயி, “அம்மா, நீங்க...”ன்னு ஆரம்பிச்சேன்.

அதுக்குள்ள பட்டறைக்குப் பின்னாடியிருந்து மாரீசு என்னைக் கூப்பிட்டா. “மதினி! பிள்ளையை எங்கம்மாகிட்டக் குடுத்துட்டு ஓடியாங்க, காரை வெளிய தள்ளணும்!”