கிருமி ராணி

கிருமியாக யார் நடிப்பது என்பதில் இரண்டாம் வகுப்பில் அடிதடியே மூண்டது. "மிஸ், நானு! மிஸ், நான்தான் கிருமி!" என்று மேசையைச் சுற்றி ஒருவர்மேல் ஒருவர் விழுந்துகொண்டிருந்தார்கள்.

மேசைமேல் ஒரு கிண்ணத்தில் எண்ணெய், இன்னொன்றில் பச்சை ஜிகினாத் தூள். கிருமி ஆகிறவர் உள்ளங்கையில் எண்ணெய் தடவி ஜிகினாவில் புரட்டி எடுக்க வேண்டும். அப்புறம் அந்தக் கை எதையெல்லாம் தொடுகிறதோ, அதெல்லாம் பச்சையாக மினுங்கும்.

டீச்சரின் கண் இந்தக் கூட்டத்தில் இல்லை. ஜன்னலோரக் கடைசி பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்த சிறுமிமேல் இருந்தது.

அவளுக்கு வகுப்பில் ரேடியோ என்று பெயர். வாய் ஓயாமல் பேசுவாளாம். அவளை அடக்கி அடக்கியே பழைய டீச்சருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளுமாம். இதெல்லாம் புது டீச்சருக்குக் கேள்வி ஞானம்தான். அவள் வேலைக்குச் சேர்ந்தபோது ரேடியோ லீவில் இருந்தாள். திரும்பி வந்தவள் இன்றுவரை வாயைத் திறக்கவில்லை.

காலையில் டீச்சர் ஆயாவிடம் விசாரித்தாள்.

"பாவம் டீச்சரம்மா. இதுக்கு நல்ல காய்ச்சல். தேறி எழுந்திரிச்சா, வீட்டுல ஒரு துக்கம். அதுலேர்ந்து வீட்டுலயும் பேசறதில்லையாம். அவங்கம்மா கேட்டுல விட்டுட்டு அழுதுகிட்டே போறாங்க."

அதற்குள் மணி அடித்துவிட்டது. ஆயா மேற்கொண்டு சொல்லவில்லை, டீச்சரும் கேட்கவில்லை. மடியில் வைத்துக் கொஞ்சிய தாத்தாவாக இருக்கும் என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள்.

ஆனால் மனசு கேட்கவில்லை. அத்தனை சின்னப் பிள்ளை வாயைக் கட்டிப்போட்டாற்போல உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. ஒரே ஒரு வார்த்தை பேசிவிட்டால் போதும். சாயந்திரம் கேட்டுக்கு ஓடிப்போய் அந்த அம்மாவிடம், "உங்க பொண்ணு பேசிட்டா" என்று சொல்ல வேண்டும். அடுத்த மாதம் நடத்த வேண்டிய இந்தக் கிருமிப் பாடத்தை இன்றைக்கே இழுத்துப்போட்டது அதற்காகத்தான்.

"சத்தம் போடாதீங்க! இன்னிக்கு ரேடியோதான். சும்மா கிருமி இல்ல, கிருமி ராணி!"

"போங்க மிஸ், அது ரிப்பேரான ரேடியோ" என்றான் முன்பல் விழுந்த ஒரு பொடியன்.

"உன் வாயை ரிப்பேர் பண்ணத்தான்டா ஆள் தேடறேன்" என்று அவன் காதைத் திருகிவிட்டு, கடைசி பெஞ்சுக்குப் போய் அவள் கையைப் பிடித்துக் கூட்டிவந்தாள். சில்லென்றிருந்தது அந்தக் கை. எண்ணெய் தடவும்போது சும்மா நின்றாள். ஜிகினாவில் அமிழ்த்தி எடுத்ததும் விரல்களை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"போய் எல்லாரையும் தொட்டுட்டு வா கண்ணு. ஒருத்தரையும் விடாதே."

முதலில் பக்கத்தில் நின்றவளின் தோளைப் பட்டும் படாமலும் தொட்டாள். பொடியன் வேண்டுமென்றே கன்னத்தை நீட்ட, அதில் பளிச்சென்று ஒரு பச்சைக் கை பதிந்தது. அவ்வளவுதான், வகுப்பு ரணகளமாயிற்று. பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓட, அவள் துரத்த, பெஞ்சு, கதவு, தண்ணீர் பாட்டில், டீச்சரின் மூக்கு நுனி, ஒன்று பாக்கியில்லை. துடைக்கப் போன கைகளிலும் பச்சை ஒட்டிக்கொண்டது.

அவள் சிரித்தாள். சத்தமே வராத சிரிப்பு, ஆனாலும் சிரிப்பு. கண்ணில் நீர் முட்டவே டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

துடைத்துக்கொண்டு கேட்டாள். "எல்லாரும் அவங்கவங்க கையைப் பாருங்க. பச்சை இருக்கா?"

"இருக்கு மிஸ்!"

"எல்லாம் யாருகிட்டேர்ந்து வந்துச்சு?"

அத்தனை பச்சை விரல்களும் ஒரே பக்கம் நீண்டன. "ரேடியோகிட்டேர்ந்து!"

"சபாஷ்! காய்ச்சலும் இப்படித்தான் பரவும். நமக்குச் சரியாப் போயிடும். ஆனா கிருமி மட்டும் கொஞ்ச நாள் நம்மகிட்டயே ஒளிஞ்சிருக்கும். அது தெரியாம நாம யாரையாவது தொட்டா, முத்தம் குடுத்தா, டபக்குன்னு அவங்ககிட்டத் தாவிடும். அதனாலதான் சோப்புப் போட்டுக் கை கழுவணும். எங்க, கிருமி ராணிக்கு எல்லாரும் கை தட்டுங்க!"

தட்டினார்கள். தட்டத் தட்ட ஜிகினா பறந்து மேசையெல்லாம் கொட்டியது.

கிருமி ராணி மட்டும் சிரிப்பை நிறுத்திவிட்டிருந்தாள். தன் இரண்டு கைகளையும் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் உதடு லேசாக அசைந்தது.

டீச்சர் சட்டென்று கையை உயர்த்தினாள். "உஷ்! ஒருத்தரும் பேசக்கூடாது!"

வகுப்பு கப்சிப் என்று அடங்கியது. பொடியன்கூட வாயைப் பொத்திக்கொண்டான். டீச்சர் தரையில் மண்டிபோட்டு, அந்தப் பச்சைக் கைகளைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள்.

"சொல்லும்மா. எதுவானாலும் மிஸ்கிட்ட சொல்லு, என் ராஜாத்தி."

அந்தக் குரலை டீச்சர் முதன்முதலாகக் கேட்டாள்.

"நான் முத்தம் குடுத்ததாலதான் தம்பிப் பாப்பா செத்துப்போச்சா, மிஸ்?"