ஹிராதாவின் உறவினர்

ஸ்ட்ரெதமில் தனியாக வாழ்ந்த யப்பானியர் ஹிராதாவை நகுலேஸ்வரி நான்கு வருடம் பராமரித்தாள். தொண்ணூற்றொரு வயதில் அவர் இறந்தார். மனைவி, மக்கள் இல்லை. பழங்காலத்தில் கடல் கடந்து யப்பானுக்கு வந்து குடியேறிய கொரிய இளவரசன் ஒருவன்தான் தங்கள் குலத்தின் மூதாதை என்று அடிக்கடி சொல்வார்.

தகனத்துக்கு அவள் மட்டுமே போனாள்.

"அண்ணை, வேற ஆரும் வருவினமோ?"

"இல்லைத் தங்கச்சி, நீங்கள் ஒராள்தான்," என்றார் அங்கே வேலை செய்யும் ஞானேஸ்வரன்.

பெட்டியை உள்ளே கொண்டுபோகும் நேரத்தில் ஓர் இளைஞன் வந்தான். முப்பது வயதுகூட இராது. உடுப்பில் கடல் மணந்தது. பெட்டியின் மேல் கைவைத்து வெகுநேரம் அழுதான்.

நகுலேஸ்வரி ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டாள்: "நீங்கள் அவருக்கு என்ன முறை?"

"அவன் என் பிள்ளை."

அவள் தான் கொண்டுவந்த பூக்களில் பாதியை அவனிடம் கொடுத்தாள்.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும், மறதியில் தமிழிலேயே சொன்னாள்: "தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்."

அவனுக்கு விளங்கியது. தலையசைத்து மறுத்தான்.

"நேரமில்லை, அம்மா. இன்றைக்கு என் குலத்தில் இன்னும் இரண்டு பிள்ளைகள் தனியாகப் போகிறார்கள்."